600 டாலர் ஆட்டம்

பதினோரு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்த அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீடியோ கேம் எதில் ஜெயித்தது, எங்கே சறுக்கியது?

இரவு ஆட்டம். டெக்சஸ் மாநிலத்தின் காலேஜ் ஸ்டேஷன் நகரில் இருக்கும் கைல் ஃபீல்டு ஸ்டேடியம். கடைசிக் கால்பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது முயற்சி, இன்னும் எட்டு கஜம் போயாக வேண்டும். வெளியூர் அணிக்குக் குவார்ட்டர்பேக்காக நிற்பவன் முதலாண்டு மாணவன். யார் எந்தப் பக்கம் ஓடப்போகிறார்கள் என்று பார்க்க நீங்கள் பட்டனை அழுத்துகிறீர்கள். பாதைக் கோடுகள் திரையில் வருகின்றன. ஆனால் நேராக வரவில்லை, புழுவாக நெளிகின்றன. யாருக்குப் பந்து வீச எந்த பட்டன் என்ற அடையாளமும் மங்குகிறது. கைக்குள் கண்ட்ரோலர் அதிர்கிறது, திரை குலுங்குகிறது. கடைசி நொடியில் திட்டத்தை மாற்றிக் குரல் கொடுத்தால், ஓரத்தில் நிற்கும் வீரனுக்கு அது காதில் விழவில்லை. அவன் பழைய பாதையிலேயே ஓடுகிறான். பந்து ஆளில்லாத இடத்தில் போய் விழுகிறது. ஸ்டேடியம் வெடிக்கிறது.

இது ‘இஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25’ வீடியோ கேமில் சர்வசாதாரணமாக வரும் காட்சி. நிஜ கைல் ஃபீல்டில் 1,02,733 பேர் உட்காரலாம். நம் சேப்பாக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வெளியூர் அணி போய் ஆடக் கடினமான ஸ்டேடியங்கள் என்று கேம் தயாரிப்பாளர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் முதலிடம் கைல் ஃபீல்டுக்கு. அடுத்து அலபாமாவின் பிரையன்ட்-டென்னி, மூன்றாவது எல்எஸ்யு பல்கலைக்கழகத்தின் டைகர் ஸ்டேடியம். அந்தப் பட்டியல் வெறும் விளம்பரமாக நின்றுவிடவில்லை. சத்தம் எப்படி ஓர் இளைஞனின் மூளையைக் கலக்கும் என்பதை விளையாடுபவரின் விரல் நுனிவரை கொண்டுவந்திருக்கிறார்கள்.

2024 ஜூலை 19 அன்று பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கருவிகளுக்கு இந்த கேம் வெளியானது. சில நாள் முன்னதாகவே ஆடலாம் என்பதற்காகக் கூடுதல் காசு கொடுத்து வாங்கி உள்ளே நுழைந்தவர்கள் மட்டும் 22 லட்சம் பேர். அமெரிக்காவில் விற்ற விளையாட்டு வகை வீடியோ கேம்களிலேயே, பண மதிப்பில், இதுவரை எதுவும் தொடாத உயரத்தை இது தொட்டது. ஒரே நாட்டுக்குள் மட்டும் தீவிரமாகப் பார்க்கப்படும் ஒரு கல்லூரி விளையாட்டுக்கு இவ்வளவு பெரிய வரவேற்பு ஏன்? அந்த வரவேற்பில் கிடைத்த பணம் யாருக்குப் போனது? இரண்டும் ஒரே கதையின் இரண்டு பாதி. முதல் பாதியைப் பெருமையாகச் சொல்லலாம். இரண்டாவது பாதியைச் சொல்லும்போது கோபம் வருகிறது.

■ தெரியாதவர்களுக்கு...

இங்கே ஃபுட்பால் என்றால் நாம் ஆடும் கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் ஆட்டம். அணிக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சி. திட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். தொழில்முறை லீகான என்எஃப்எல் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில். கல்லூரி ஆட்டங்கள் சனிக்கிழமையில். மேற்படிப்புக்காக நம் ஊர்களிலிருந்து அங்கே போகும் பிள்ளைகளுக்கு, இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் ஊரே ஒரே நிறச் சட்டையில் திரள்வது அமெரிக்காவின் முதல் ஆச்சரியங்களில் ஒன்று.

காணாமல் போனது ஏன்?

இஏ நிறுவனம் 1993-ல் பில் வால்ஷ் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரின் பெயரில் கல்லூரி ஃபுட்பால் கேமைத் தொடங்கியது. பிறகு ‘என்சிஏஏ ஃபுட்பால்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் வந்தது. என்சிஏஏ என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு. மாணவ வீரர்கள் தங்கள் பெயரையோ முகத்தையோ வைத்து ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது என்பது அப்போது அதன் விதி. அதனால் கேமில் யாருக்கும் பெயர் கிடையாது. ‘குவார்ட்டர்பேக், 15ஆம் எண்’ என்று மட்டும் இருக்கும். ஆனால் உயரம், எடை, தோல் நிறம், சொந்த மாநிலம், ஓடும் வேகம் எல்லாம் நிஜ வீரனுடையது. யார் என்பது சின்னப் பையனுக்கும் தெரியும்.

எட் ஓ'பேனன் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்காக 1995-ல் தேசிய பட்டம் வென்ற கூடைப்பந்து வீரர். ஒருநாள் நண்பர் வீட்டுக்குப் போனவருக்கு அந்த வீட்டுப் பையன் ஆடிய கேமைக் காட்டினார்கள். திரையில் மொட்டைத் தலை, இடக்கை ஆட்டம், 31ஆம் எண் சட்டை. அவரேதான். கேமை வாங்க அந்தக் குடும்பம் காசு கொடுத்திருக்கிறது. திரையில் ஓடுபவருக்கு ஒரு பைசாவும் வந்ததில்லை, யாரும் அவரைக் கேட்டதும் இல்லை. 2009-ல் அவர் என்சிஏஏ மீது வழக்குப் போட்டார். அதே ஆண்டு, அரிசோனா ஸ்டேட், நெப்ராஸ்கா அணிகளில் குவார்ட்டர்பேக்காக ஆடிய சாம் கெல்லரும் தனி வழக்கோடு நீதிமன்றம் போனார். ‘கேம் என்பது எங்கள் கருத்துரிமை’ என்று இஏ வாதாடிப் பார்த்தது. 2013 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அதே மாதத்தில் வெளியான ‘என்சிஏஏ ஃபுட்பால் 14’ அந்த வரிசையின் கடைசி கேம் ஆனது. இஏ தரப்பு 4 கோடி டாலரும் என்சிஏஏ 2 கோடி டாலரும் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன.

அதன்பிறகு நடந்ததைத்தான் தயாரிப்பாளர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ரசிகர்கள் கேமை விடவில்லை. பழைய பிளேஸ்டேஷன் 3 கருவியைத் தூசு தட்டி வைத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேர்ந்த வீரர்களின் விவரங்களைத் தாங்களே உட்கார்ந்து தட்டச்சு செய்து, வீரர் பட்டியலைப் புதுப்பித்துப் பகிர்ந்துகொண்டார்கள். ‘காலேஜ் ஃபுட்பால் ரீவேம்ப்டு’ என்ற பெயரில் ஒரு ரசிகர் குழு சட்டைகள், ஸ்டேடியங்கள், ஸ்கோர்போர்டு வரைக்கும் மாற்றிப் பழைய கேமுக்குப் புது உடல் கொடுத்தது. பழைய டிஸ்க் ஒன்று புதிய கேம்களைவிட அதிக விலைக்குக் கைமாறியது. தயாரிப்பாளர் கைவிட்ட ஒன்றைப் பத்தாண்டுக்கு மேல் காசு வாங்காமல் காப்பாற்றியவர்கள் இவர்கள். 2024-ல் கிடைத்த வெற்றியில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

கதவைத் திறந்தது சட்டம். மாணவ வீரர்களுக்குக் கிடைக்கும் சலுகைகளுக்கு என்சிஏஏ போட்ட வரம்பை எதிர்த்தது ஆல்ஸ்டன் வழக்கு. 2021 ஜூன் 21 அன்று அந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். பத்து நாளில், ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று என்சிஏஏ இறங்கிவந்தது. கேம் திரும்ப வரும் என்று இஏ அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே அறிவித்திருந்தது. வீரர்களின் விவகாரம் தீரும்வரை எங்கள் பெயரைத் தர மாட்டோம் என்று அப்போது சொன்ன பல்கலைக்கழகம் நோட்டர் டேம். அந்த நிலைப்பாட்டுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

களத்தில் ஜெயித்த இடம்

தொழில்முறை என்எஃப்எல் ஆட்டத்தை வைத்து இதே நிறுவனம் ஆண்டுதோறும் ‘மேடன்’ கேமை வெளியிடுகிறது. அதற்குச் சட்டை மாற்றி கல்லூரி கேம் என்று விற்றுவிடுவார்களோ என்பதுதான் ரசிகர்களின் பெரிய பயம். அந்தப் பயம் முதல் நாளிலேயே பாதி தீர்ந்தது.

காரணம், கல்லூரி ஃபுட்பால் ஆடுகளத்தின் வடிவமே வேறு. ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் இடத்தைக் குறிக்க நடுவில் இரண்டு வரிசைக் கோடுகள் இருக்கும். என்எஃப்எல்-லில் அவற்றுக்கு இடையே பதினெட்டரை அடிதான் தூரம். கல்லூரியில் 40 அடி. இதனால் ஆட்டம் ஒரு பக்கக் கோட்டில் தொடங்கினால் மறுபக்கம் ஒரு பெரிய வெட்டவெளி கிடைக்கிறது. வேகமான ஒருவன் அந்த வெளிக்குள் பந்தோடு திரும்பினால் பிடிப்பது கஷ்டம். கேமில் இதை நீங்கள் நேரடியாக உணரலாம். அகலப் பக்கம் பார்த்துத் திட்டம் போட இரண்டு ஆட்டத்திலேயே பழகிவிடுகிறீர்கள். பக்கக் கோட்டருகே பந்தைப் பிடிப்பவருக்கு ஒரு கால் உள்ளே பட்டாலே போதும் என்ற கல்லூரி விதியும் அப்படியே இருக்கிறது. என்எஃப்எல்-லில் இரண்டு காலும் பட வேண்டும்.

ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் ஆகிய ராணுவக் கல்லூரிகளின் அணிகள் நீண்ட காலமாக ஆடிவருகிற ‘டிரிபிள் ஆப்ஷன்’ முறையும் கேமில் உயிரோடு இருக்கிறது. குவார்ட்டர்பேக் பந்தை நடுவில் ஓடுபவரிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம், அல்லது கடைசி நொடியில் பக்கத்தில் ஓடிவருபவருக்குத் தட்டிவிடலாம். ஒவ்வொரு கட்டத்திலும் எதிரே நிற்கும் ஒருவரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். தொழில்முறை லீகில் அநேகமாக யாரும் ஆடாத முறை இது. இப்படி 134 அணிகளுக்கும் அவரவர் பாணிக்கு ஏற்ற ஆட்டத்திட்டப் புத்தகம் இருப்பதால், ஒரு வாரம் ஒரு மாதிரி எதிரி, அடுத்த வாரம் வேறு மாதிரி எதிரி. கல்லூரி ஃபுட்பாலை ரசிப்பவர்கள் அதை ரசிப்பதே இதற்காகத்தான்.

ஓசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் சொந்தமான பேண்டு வாத்தியம், அணிப் பாட்டு, வீரர்கள் களத்தில் இறங்கும் சடங்கு என்று தனி அடையாளம் உண்டு. கிளெம்சன் அணியினர் ஒரு பாறையைத் தொட்டு வணங்குவதுபோல் தடவிவிட்டு மேட்டிலிருந்து ஓடி இறங்குவார்கள். அது கேமிலும் இருக்கிறது. வர்ணனைக்கு கிறிஸ் ஃபௌலர், கிர்க் ஹெர்ப்ஸ்ட்ரீட் என்ற நிஜ டிவி ஜோடி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவன் தன் கல்லூரியின் பாட்டைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவான். அந்த நிமிடத்துக்காகவே கேமை வாங்கியவர்கள் நிறைய.

பயிற்சியாளர் நாற்காலி

இந்த கேமின் இதயம் ‘டைனஸ்டி’ என்ற பகுதி. இதில் நீங்கள் வீரர் இல்லை, பயிற்சியாளர். 30 ஆண்டுகள்வரை ஓர் அணியைக் கட்டி எழுப்பலாம். ஆன்லைனில் 32 பேர்வரை சேர்ந்து ஆளுக்கோர் அணியைப் பிடித்துக்கொண்டு மோதலாம். கென்ட் ஸ்டேட் மாதிரி, 2024-ல் நிஜமாகவே ஒரு வெற்றிகூட இல்லாமல் 12 ஆட்டமும் தோற்ற ஓர் அணியை எடுத்துக்கொண்டு பத்து சீசனில் தேசிய பட்டம்வரை கொண்டுபோகும் சுகம் இருக்கிறதே, அதற்காக ராத்தூக்கத்தை விற்றவர்கள் உண்டு.

பள்ளி மாணவர்களை அணிக்கு இழுக்கும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். உங்கள் பலகையில் 35 பெயர்கள் வைக்கலாம். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஒரு கையிருப்பு. பையனுக்கு நேரடியாக ஒரு மெசேஜ் அனுப்ப 10 மணி நேரம். அவன் குடும்பத்தையும் நண்பர்களையும் தொடர்புகொள்ள 25. ‘எல்லாவற்றையும் இறக்கு’ என்று முழுமூச்சாகத் துரத்த 50. ஒவ்வொரு பையனுக்கும் எது முக்கியம் என்று பதினான்கு அம்சங்கள் உண்டு. உடனே ஆட வாய்ப்பு, வீட்டுக்குப் பக்கமா, படிப்பின் தரம், ஸ்டேடியத்தின் சூழல், பயிற்சியாளர் நிலைத்திருப்பாரா என்று போகும் அந்தப் பட்டியல். ஒன்று மட்டும் அவனுக்கு விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை. அதில் உங்கள் பல்கலைக்கழகம் சறுக்கினால் சேர்த்த பையனும் சீசன் முடிந்ததும் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ வழியாக வேறு அணிக்குப் போய்விடுவான். மொத்தம் 85 பேருக்குத்தான் இடம். மிஞ்சியவர்களை நீங்களே வெட்ட வேண்டும்.

இது அற்புதமான வடிவமைப்பு. கணக்கும் ஆசையும் கலந்த இந்தத் துரத்தலில் மணிக்கணக்கு போவதே தெரியாது. ஆனால் பலகையை ஊன்றிப் பார்த்தால் ஒன்று விடுபட்டிருப்பது தெரியும். பணம்.

இன்றைய நிஜ உலகில் பதினெட்டு வயது வீரன் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவது என்று முடிவெடுக்கும்போது பணம் முதல் கேள்வியாக இருக்கிறது. பழைய மாணவர்களும் பணக்கார ரசிகர்களும் சேர்ந்து நிதிக்குழு அமைத்து வீரர்களுக்குக் கொடுக்கிறார்கள். கேமிலோ அந்தப் பதினான்கு அம்சங்களில் ‘விளம்பர வெளிச்சம்’ என்று ஒன்று இருக்கிறதே தவிர, யாரும் யாருக்கும் சல்லிக்காசு கொடுப்பதில்லை. வீரர்கள் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியதால் நிஜ வீரர்களோடு வர முடிந்த கேம், அந்தச் சம்பாத்தியத்தைத் தன் உலகத்தில் காட்டவில்லை. பல்கலைக்கழகங்களின் உரிமத்தை நம்பி இருப்பதால் இந்தத் தயக்கம் என்று நினைக்கிறேன். தயக்கம் புரிகிறது; அதனால் அது சரியாகிவிடாது.

சறுக்கல்கள்

பொதுவான புகார்களை வேகமாகக் கடந்துவிடலாம். மெனுக்கள் மெதுவாக நகர்கின்றன. வீரர் தேர்வுப் பக்கத்தில் ஒவ்வொரு சொடுக்குக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தற்காப்பு வீரர்கள் முதுகில் கண் வைத்தவர்கள்போல் திரும்பாமலே பந்தைப் பிடிக்கிறார்கள். பிளேஸ்டேஷன்காரரும் எக்ஸ்பாக்ஸ்காரரும் தனி ஆட்டத்தில் மோதிக்கொள்ளலாம், ஆனால் ஒரே டைனஸ்டியில் சேர முடியாது. கம்ப்யூட்டரில் கேம் கிடையாது. இவற்றில் சில அப்டேட்டுகளில் திருந்தின. 70 டாலர் கொடுத்தவருக்கு இவை எரிச்சல்தான். ஆனால் என் மனதை உறுத்துவது வேறு.

டைனஸ்டிக்கு அடுத்து ‘ரோட் டு குளோரி’ என்றொரு பகுதி. இதில் நீங்களே ஒரு மாணவ வீரர். நான்கு ஆண்டு கல்லூரி வாழ்க்கை. கேள்விப்படும்போதே ஆசை வருகிறது, இல்லையா? உள்ளே போனால் வாரம் ஒருமுறை படிப்பு, தலைமைப் பண்பு, உடல்நலம், பயிற்சி, விளம்பரம் என்ற ஐந்து கட்டங்களில் புள்ளிகளைப் பிரித்துப் போட வேண்டும். வகுப்பறை இல்லை. விடுதி இல்லை. பேராசிரியர் இல்லை. போனில் வரும் சில மெசேஜ்களுக்குப் பதில் தட்டினால் உங்கள் கல்லூரி வாழ்க்கை முடிந்தது. பழைய ‘என்சிஏஏ ஃபுட்பால் 14’-ல் பள்ளி ஆட்டங்களிலிருந்தே தொடங்கலாம். 25-ல் அதுவும் இல்லை.

எந்த இடத்தில் ஆடலாம் என்ற தேர்வைப் பாருங்கள். குவார்ட்டர்பேக், பந்தோடு ஓடுபவர், பந்தைப் பிடிப்பவர், தற்காப்பில் லைன்பேக்கர், கார்னர்பேக் என்று ஐந்தே இடங்கள். ஒவ்வொரு முயற்சியிலும் முன்வரிசையில் நின்று முட்டிமோதி மற்றவர்களுக்கு வழி ஏற்படுத்தும் லைன்மேன்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஒவ்வோர் அணியின் தாக்குதல் வரிசையிலும் ஐந்து பேர் அவர்கள். மூட்டும் முதுகும் தேய்வது அவர்களுக்கு. டிவி கேமரா அவர்களைத் தேடாது, கேமும் தேடவில்லை.

அதே கேமில் ‘தேய்மானம்’ என்று ஒரு நுணுக்கமான ஏற்பாடு இருக்கிறது. ஒரு வீரன் எந்தத் தோளில், எந்தக் காலில் எவ்வளவு அடி வாங்கினான் என்பதைத் தனித்தனியாகக் கணக்கு வைக்கிறார்கள். அடி சேரச் சேர அவன் வேகமும் பலமும் குறையும். ஒருவனையே திரும்பத் திரும்ப ஓடவிட்டால் கடைசிக் கால்பகுதியில் தவழ்வான். உடலை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்த தயாரிப்பாளர்களுக்கு அந்த உடலுக்குள் இருப்பவனை எழுதத் தெரியாமல் போயிருக்குமா? அதற்கு நேரமும் காசும் ஒதுக்கவில்லை என்பதுதான் பொருள். ‘அல்டிமேட் டீம்’ என்ற பகுதிக்கு ஒதுக்கினார்கள். அங்கே நிஜப் பணம் கொடுத்து அட்டைப் பொட்டலம் வாங்கலாம். உள்ளே எந்த வீரர் வருவார் என்பது அதிர்ஷ்டம்.

இன்னொரு வெற்றிடமும் உண்டு. மேல்நிலைப் பிரிவின் 134 அணிகள் மட்டுமே நிஜப் பெயரோடு இருக்கின்றன. அடுத்த நிலையில் ஆடும் கல்லூரிகளுக்குப் பதில் திசைப் பெயர் சூட்டிய பொதுவான அணிகள் வந்து போகின்றன. ஜாக்சன் ஸ்டேட், ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் போன்ற, கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட வரலாற்றுப் பெருமை கொண்ட கல்லூரிகள் இதனால் வெளியே நிற்கின்றன. அமெரிக்காவின் மிகச்சிறந்த பேண்டு வாத்தியக் குழுக்கள் சில அந்தக் கல்லூரிகளில்தான் இருக்கின்றன. ஒலியைக் கொண்டாடும் கேமில் அந்த ஒலி இல்லை.

■ யார் எதில் கையெழுத்துப் போட்டார்கள்?

அட்டையில் மூவர்: மிச்சிகனின் டொனோவன் எட்வர்ட்ஸ், டெக்சஸின் குயின் யூவர்ஸ், கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர். சம்மதித்த வீரர்கள் 11,000-க்கும் மேல். ஆளுக்கு 600 டாலரும் கேமின் ஒரு பிரதியும். விற்பனையில் பங்கு கிடையாது. விளம்பரத் தூதர்களாகத் தேர்வான சிலருக்குக் கூடுதல் தொகை. சம்மதிக்காதவரின் இடத்தில் கற்பனை வீரன் ஒருவன் நிற்பான். அவர் பெயரில் ரசிகர்கள் ஆளை உருவாக்கவும் தடை. டெக்சஸின் ஆர்ச் மேனிங் முதலில் வேண்டாம் என்றார், கேம் வந்தபின் சேர்ந்துகொண்டார்.

600 டாலரின் கணக்கு

11,000 பேருக்குத் தலா 600 டாலர் என்றால் மொத்தம் 66 லட்சம் டாலர். கேமின் அடிப்படை விலை 69.99 டாலர். ஒரு லட்சம் பிரதிகள் விற்றாலே 70 லட்சம் டாலர். முன்கூட்டியே ஆட வந்த 22 லட்சம் பேரில் பெரும்பாலானவர்கள் கொடுத்தது அடிப்படை விலையைவிட அதிகம். அந்தச் சலுகை கொண்ட டீலக்ஸ் பதிப்பின் விலை 99.99 டாலர். கடைக்காரர் பங்கு, தயாரிப்புச் செலவு, பல்கலைக்கழக உரிமத் தொகை எல்லாம் கழியும் என்பது தெரிந்ததே. கழித்த பிறகும், பெயரும் முகமும் கொடுத்த பதினோராயிரம் பேருக்குச் சேர்ந்த தொகை எவ்வளவு சின்னது என்பதைப் புரிந்துகொள்ள ஆடிட்டர் தேவையில்லை.

‘600 டாலரும் ஒரு கேமும் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்தான்’ என்று நினைத்த வீரர்கள் ஏராளம் என்பதும் உண்மை. சின்ன வயதில் இந்த கேமை ஆடி வளர்ந்தவர்கள், தங்கள் பெயரை வர்ணனையாளர் சொல்லிக் கேட்கும் ஆசையில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். முந்தைய தலைமுறைக்கு அந்த வாய்ப்பே இல்லை. அவர்களின் சந்தோஷத்தைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட்டதால் ஒரு விலை நியாயமாகிவிடுமா? பேரம் பேசும் பலம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும்போது, மறுபக்கத்தின் ‘சரி’ என்ற சொல்லை வைத்து நியாயத்தை அளக்கக் கூடாது.

அந்தப் பலம் எங்கிருந்து வரும்? என்எஃப்எல் வீரர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. மேடன் கேமில் அவர்களின் பெயரையும் முகத்தையும் பயன்படுத்த நிறுவனம் சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். நட்சத்திர வீரரும் பெஞ்சில் உட்காருபவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். கல்லூரி வீரர்களுக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை. அவர்கள் பல்கலைக்கழகத்தின் ஊழியர்களா, வெறும் மாணவர்களா என்பதே தீராத வழக்கு. கல்லூரி வீரர்களுக்காகக் குரல் கொடுக்கும் ஓர் அமைப்பு நிறுவனம் கொடுக்க வந்த தொகையை நிராகரிக்கச் சொன்னது. பலன் இல்லை. பத்தொன்பது வயதில், போனில் வரும் ஒரு படிவம், தொட்டால் 600 டாலர். தனியாக நின்று எத்தனை பேர் மறுப்பார்கள்? மறுத்தாலும் நிறுவனத்துக்கு என்ன நஷ்டம்? இன்னொரு கற்பனை வீரன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வான்.

இதில் நட்சத்திரங்களைப் பற்றிக் கவலை இல்லை. குயின் யூவர்ஸுக்கும் டிராவிஸ் ஹன்டருக்கும் விளம்பரங்கள் வழியாகவே பெருந்தொகை வரும். 85 பேர் கொண்ட அணியில் எண்பதாவது ஆளை நினைத்துப் பாருங்கள். ஊடகம் அவன் பெயரைச் சொல்லாது. கடை விளம்பரத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். அவன் முகத்துக்கு வாழ்நாளில் கிடைக்கப்போகும் ஒரே விலை இந்த 600 டாலராகக்கூட இருக்கலாம். ஆனால் 134 அணியும் முழு வீரர் பட்டியலோடு இருக்கிறது என்று கேமை விளம்பரம் செய்ய அவனும்தான் தேவைப்பட்டான். நிறுவனத்தின் தலைவர் ஆண்ட்ரூ வில்சன் முதலீட்டாளர்களிடம் பேசும்போது, 150 ஸ்டேடியங்களையும் 11,000-க்கு மேற்பட்ட வீரர்களின் உருவங்களையும் செயற்கை நுண்ணறிவின் துணை இல்லாமல் செய்திருக்கவே முடியாது என்றார். தொழில்நுட்பச் சாதனை என்ற அளவில் பாராட்டலாம். ஒரு முகத்தைத் திரைக்குக் கொண்டுவரும் செலவு இப்படிக் குறைந்தபோது, மிச்சமானதில் ஒரு பகுதி அந்த முகத்தின் சொந்தக்காரருக்குப் போயிருக்கலாம்.

அடுத்த ஆண்டும் அடுத்த சண்டையும்

2025 ஜூலை 10 அன்று ‘காலேஜ் ஃபுட்பால் 26’ வந்தது. அட்டையில் அலபாமாவின் ரயன் வில்லியம்ஸும் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜெரமையா ஸ்மித்தும். அணிகள் 136 ஆயின. ரோட் டு குளோரியில் பள்ளி ஆட்டங்கள் திரும்பி வந்தன. ரசிகர்கள் போட்ட சத்தம் வீண்போகவில்லை. வீரர்களுக்கான தொகையும் முந்தைய ஆண்டைவிட உயர்ந்தது; விலை தங்கள் கையில்தான் இருக்கிறது என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டதாக இதை நான் எடுத்துக்கொள்கிறேன். நிஜப் பயிற்சியாளர்களும் பெயரோடு கேமுக்குள் வந்தார்கள்.

அதே 26-ல்தான், டைனஸ்டியில் உங்கள் பயிற்சியாளரின் திறனை நிஜப் பணம் கொடுத்து உயர்த்திக்கொள்ளும் வசதி தலைகாட்டியது. ரசிகர்கள் கொதித்தார்கள், கொதித்ததில் நியாயம் இருந்தது. பத்து சீசன் உழைத்துக் கென்ட் ஸ்டேட்டை மேலே கொண்டுவருவதுதான் அந்தப் பகுதியின் உயிர். அந்த உழைப்பைக் கடையில் வைத்து விற்றால், பழைய டிஸ்க்கைப் பதினோரு ஆண்டு பாதுகாத்தவர்களுக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

கேமுக்கு வெளியேயும் தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2025 ஜூன் 6 அன்று, என்சிஏஏ மீது வீரர்கள் தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். 2014-ல் எட் ஓ'பேனன் வழக்கில் தீர்ப்புச் சொன்னவரும் இவரே. இந்தச் சமரசத்தின்படி முந்தைய வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. அதோடு, முதல் ஆண்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வருவாயிலிருந்து சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை வீரர்களுக்கு நேரடியாகவே பங்கு கொடுக்கலாம். டிக்கெட், டிவி உரிமம் ஆகியவற்றில் வரும் பணத்தில் வீரனுக்குப் பங்கு உண்டு என்று பல்கலைக்கழகங்களே ஏற்கும் நிலை வந்துவிட்டது.

பல்கலைக்கழகங்களே பங்கு தரும்போது வீடியோ கேம் நிறுவனம் மட்டும் ஒரே தொகையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி ஒதுங்குவது இனி எடுபடக் கூடாது. செய்ய வேண்டியது பெரிய புதுமையும் இல்லை. விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் ஒரு சிறு விழுக்காட்டைத் தனியே எடுத்து, கேமில் இருக்கும் எல்லா வீரர்களுக்கும் சமமாகப் பிரிக்கலாம். அல்டிமேட் டீம் அட்டையாக யாருடைய முகம் விற்கிறதோ, அந்த அட்டையில் வரும் பணத்தில் அவருக்குத் தனிப் பங்கு கொடுக்கலாம். எவ்வளவு விற்றது என்ற கணக்கை வீரர்களின் சார்பில் ஒருவர் பார்த்துச் சரிபார்க்க வழி செய்யலாம். அடுத்த சீசனுக்கான சம்மதப் படிவம் வீரர்களின் போனுக்குப் போகும்போது இந்த மூன்றும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். முன்வரிசையில் முட்டிமோதும் லைன்மேனுக்கும் ரோட் டு குளோரியில் ஓர் இடம் திறக்க வேண்டும்.